பழைய ஸ்பீக்கர்: ஃபோம் மாற்றலாமா, ரீகோன் பண்ணலாமா, புதுசே வாங்கிவிடலாமா?

அப்பா 1991-ல் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடியின் முன்துணியைப் போன வைகாசியில் கழற்றிப் பார்த்தேன். கீழ்ச்சத்தம் (பாஸ்) தரும் ஊஃபர் 10 இஞ்ச். அதன் கூம்பான பேப்பரை, அதாவது கோனை, சுற்றியிருக்கும் கறுப்பு ஃபோம் வளையம் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. ஒரு விரலை வைத்ததும் அந்த இடம் ஊறிப்போன பேரீச்சம்பழம் மாதிரி பிசுபிசுவென்று விரலோடு வந்துவிட்டது. அடுத்த பெட்டியில் அதே ஃபோம் காய்ந்து மொறுமொறுத்து, ஊதினால் கரித்தூளாக உதிர்ந்தது. இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, 2008 வாக்கில் அப்பா ஒருமுறை மாற்றியது. ஒரு பெட்டி மேற்கு ஜன்னல் வெயில் விழும் மூலையில் நின்றது, மற்றது ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவரோரம் நின்றது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மச்சான் இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கச் சொன்னார். மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்த ஒரு கடையில் மொத்தமாக ரீகோன் பண்ணிவிடலாம், கோனோடு அசையும் பாகம் எல்லாவற்றையும் புதுசாக மாற்றிவிடலாம் என்றார்கள். இன்னொரு கடையில் 10 இஞ்சில் புது ஊஃபர் இருக்கிறது, அதே ஓட்டையில் உட்காரும் என்றார்கள். "இன்னும் சத்தம் வருதுல்ல, வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றார் அம்மா. இந்த நான்கு யோசனையும் நான்கு வெவ்வேறு நிலைமையில் இருக்கும் ஸ்பீக்கர்களுக்குச் சரிதான். நம்முடையது எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஸ்பீக்கரில் எதற்கு வயசாகிறது, எதற்கு ஆவதில்லை என்பதைப் பார்த்தாக வேண்டும்.

காந்த இடுக்கில் ஒரு காயில் (கம்பிச் சுருள்), காயிலோடு ஒட்டிய ஒரு கோன், கோனை நடுவில் பிடித்து வைக்க இரண்டு பிடிமானம்: வெளியே வளையம், உள்ளே ஸ்பைடர் என்ற மடிப்புத் துணி. செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-ல் வெளியிட்ட அமைப்பு, அடிப்படையில் இன்றும் அதேதான். இதில் இரும்புச் சட்டத்துக்கும் காந்தத்துக்கும் நம் ஆயுசுக்கு ஒன்றும் ஆகாது. "மேக்னட் வீக் ஆயிருச்சு" என்று எந்தக் கடையில் சொன்னாலும் நம்பாதீர்கள். வட்ட வட்டமாகக் கறுப்பாக இருக்கும் ஃபெரைட் காந்தம் வீட்டுக்குள் இருந்து வலு இழப்பதில்லை. ரொம்பப் பழைய அல்நிகோ காந்தம் மட்டும் பலத்த அடியாலோ அளவுக்கு மீறிய மின்னோட்டத்தாலோ கொஞ்சம் குறையலாம், அந்த வகை நம் வீடுகளில் அபூர்வம். ஸ்பீக்கரின் எடையில் பெரும்பகுதி இந்த இரும்பும் காந்தமும்தான். வயசாவது மென்மையான பொருள்களுக்கு. ஃபோம், கோந்து, துணி, மேல்சத்தம் தரும் சின்ன ட்வீட்டருக்குள் இருக்கும் திரவம், உள்ளே போர்டில் இருக்கும் கண்டன்சர், இவ்வளவுதான் பட்டியல்.

அதில் முதலில் போவது ஃபோம். இது பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரம் அதன் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கிறது, வெயிலின் புற ஊதாக்கதிரும் ஓசோனும் இன்னொரு பக்கம் அறுக்கின்றன. பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும், அட்டைப்பெட்டியில் பூட்டி வைத்த ஸ்பீக்கரிலும் நடக்கும். பொதுவாக 10 முதல் 20 வருடம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டி, அடுத்த சில மாதத்தில் வடகிழக்குப் பருவமழையின் ஓதத்துக்கு மாறும் மதுரையில் 15 தாண்டினால் சந்தோஷப்படலாம், எங்களுடையது அவ்வளவுதான் தாக்குப்பிடித்தது.

ரப்பர் வளையம் அப்படியில்லை, 30 வருடத்துக்கு மேலும் நிற்கும், நாளாவட்டத்தில் கொஞ்சம் இறுகலாம். துணி வளையமும், கோன் பேப்பரையே மடிப்பு மடிப்பாக விட்டிருக்கும் வளையமும் அதைவிட ஆயுசு கெட்டி. அதனால் முதல் வேலை, கடைக்குத் தூக்குவதற்கு முன், முன்துணியைக் கழற்றி வளையம் எது என்று பார்ப்பது. உங்களுடையது ரப்பராகவோ துணியாகவோ இருந்து, பிரிதலும் விரிசலும் இல்லையென்றால், வளையத்தைத் தொடாதீர்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அம்மா சொன்ன "வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் முடிவு எதுவும் எடுக்காமலே தேர்ந்தெடுப்பது இதைத்தான். ரப்பர், துணி வளையத்துக்கு இது சரி. பிசுபிசுக்கத் தொடங்கிய ஃபோமுக்கு இது மிகவும் செலவான வழி. காயில் ஓடும் காந்த இடுக்கு, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உள்ளது. வளையம் ஒரு பக்கம் கிழிந்தால் கோன் அந்தப் பக்கம் சாயும், காயில் இடுக்கின் சுவரில் உரசும், கம்பியின் வார்னிஷ் சுரண்டிப்போகும், கடைசியில் காயில் அறுந்துபோகும். கிழியும் முன் பார்த்திருந்தால் வளையத்தோடு முடிந்த வேலை, கிழிந்த பிறகு நாலு கல்யாணப் பாட்டு சத்தமாகப் போட்டுவிட்டால் ரீகோனில் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், பழைய ஸ்பீக்கர் விஷயத்தில் எதை மாற்றுகிறோம் என்பதைவிட எப்போது மாற்றுகிறோம் என்பதுதான் பெரிசு. ஃபோமில் விரல் தடம் பதிந்து எழும்பாமல் நிற்கிறது, தொட்டால் கறுப்பு ஒட்டுகிறது, வளையத்தில் குண்டூசி அளவு ஓட்டைகள் தெரிகின்றன, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றோடு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். மாற்ற ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஓட்டாமல் இருந்தால் காயிலுக்குச் சேதமில்லை.

காயில் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சொல்லிவிடலாம். இரண்டு கை விரல்களையும் கோன் நடுவில் இருக்கும் குமிழ் மூடியை, அதாவது டஸ்ட் கேப்பை, சுற்றிச் சமமாக வைத்து, கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய் வந்தால் நல்லது. மணல் தாளில் நகம் போன மாதிரி ஒரு சரசரப்பு கேட்டால் உரசுகிறது. அடுத்து மல்டிமீட்டர், ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்: 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3-க்கும் கொஞ்சம் மேலே. ஒன்றுமே காட்டாவிட்டால் காயிலோ, கோனுக்குப் போகும் பின்னல் ஒயரோ அறுந்திருக்கிறது. அந்தப் பின்னல் ஒயர் பெரும்பாலும் கோனில் நுழையும் இடத்தில்தான் அறும், ஆடி ஆடி. மேலே உறை முழுசாகத் தெரியும், உள்ளே இழை போயிருக்கும். காயிலே போய்விட்டது என்று ரீகோனுக்குக் கொடுத்த ஊஃபர் சில நேரம் இந்த ஒரு சாண் ஒயரோடு முடிந்திருக்க வேண்டிய வேலையாக இருக்கும். மீட்டர் இல்லையென்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள், கோன் துள்ளினால் காயிலில் உயிர் இருக்கிறது.

காதால் பார்க்கத் தவிலை விடச் சிறந்த பரீட்சை எனக்குத் தெரியாது. நல்ல தவில் பதிவு ஒன்றைப் போடுங்கள். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் ஊஃபருக்கு, கூடு மாட்டிய விரல்கள் பேசும் வலந்தலை ட்வீட்டருக்கு. தொப்பி விழும்போது அதன் வாலில் ஒரு "கிர்" ஒட்டிக்கொண்டு வந்தால் காயில் உரசல் அல்லது வளையம் பிரிந்திருக்கிறது. வலந்தலை பக்கத்து அறையில் வாசிக்கிற மாதிரி மங்கிக் கேட்டால் ஊஃபரை விட்டுவிடுங்கள், ட்வீட்டரும் கண்டன்சரும்தான் பார்க்க வேண்டியவை.

எங்கள் ஜோடியில் சரசரப்பு இல்லை, இரண்டிலும் 6-ஐ ஒட்டிய அளவு. அப்படியென்றால் ரீகோனுக்கு வேலையே இல்லை, ஃபோம் மட்டும் போதும். சிம்மக்கல் பக்கம் பல வருடமாக இந்த வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கோனை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, கோன் கம்பெனிக் கோனு, காயில் சுத்தமா இருக்கு. இதைப் போயி ரீகோன் பண்ணச் சொன்னா உள்ளதும் போயிரும்" என்றார். ரீகோன் என்பது என்ன என்று புரிந்தால் அவர் சொன்னதும் புரியும். கோன், காயில், ஸ்பைடர், வளையம், டஸ்ட் கேப் அத்தனையையும் அறுத்து எடுத்துவிட்டு, காந்தமும் சட்டமும் மட்டும் மிஞ்சிய கூட்டில் புது செட்டை ஒட்டுவது. அந்தக் கம்பெனியே தரும் செட் கிடைத்தால் பழைய சத்தம் வரும். 30 வருடப் பழைய வீட்டு ஸ்பீக்கருக்கு அது கிடைக்காது, பொதுவாக விற்கும் கோனும் காயிலும்தான் ஏறும். கோன் இரண்டு கிராம் கனமானாலே பாஸும் நடுக்குரலும் மாறிவிடும். காயிலில் சுற்று எண்ணிக்கை, கம்பி கனம், சுற்றிய உயரம், எது மாறினாலும் அப்படித்தான். அது வேறு ஸ்பீக்கர், பழைய சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபோம் மாற்றுவதைக் கடையில் கொடுப்பதா, நாமே செய்வதா? நான் ஒரு பெட்டியைப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன், இன்னொன்றை வீட்டில் நானே செய்தேன். கை நடுங்காதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்க முடிந்தவர் யாரும் செய்யலாம். பழைய ஃபோமை எடுப்பதில்தான் பாதி நாள் போகும். சட்டத்தில் ஒட்டியிருப்பதை மொட்டைக் கத்தியால் சுரண்டிவிடலாம், கோன் ஓரத்தில் இருப்பதை அப்படிச் செய்யக் கூடாது. அது பேப்பர். ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த துணியை ஒற்றி, ஊறவிட்டு, கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும், மாவு பிசைந்த கையில் ஒட்டியதை உருட்டி எடுப்பது போல. தின்னர் வேண்டவே வேண்டாம், அது கோன் பூச்சையும் உள்ளே காயிலின் பிசினையும் சேர்த்துக் கரைக்கும்.

பிறகு காயிலை நடுவில் நிறுத்துவது. டஸ்ட் கேப்பை ஒரு ஓரம் விட்டு பிளேடால் அறுத்துத் தூக்கினால் உள்ளே காயிலும் நடு இரும்பும் தெரியும். பெரியவர் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்துக்கு நாலு துண்டாக நறுக்கி, காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே நாலு திசையிலும் சொருகினார். அது சொருகியிருக்கும் வரை காயில் எங்கும் சாய முடியாது. முதலில் வளையத்தைக் கோனோடு ஒட்டி, காய்ந்த பிறகு சட்டத்தோடு ஒட்டி, சுற்றிலும் துணிக் கிளிப் மாட்டி ஒரு நாள் விட்டார். மறுநாள் ஃபிலிமை உருவியபோது வெண்ணெயில் கத்தி போல வந்தது, கோனை அழுத்தினால் சத்தமே இல்லை. நான் வீட்டில் செய்தபோது டஸ்ட் கேப்பை அறுக்க மனசு வரவில்லை. வளையத்தைச் சட்டத்தில் ஈரக் கோந்தோடு உட்காரவைத்து, போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியாக ரொம்பக் குறைவாகக் கொடுத்தேன். கோன் மூச்சு விடுவது மாதிரி போய் வந்தது, உரசல் கேட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையத்தை மயிரிழை நகர்த்தி, சத்தம் முழுசாக நின்ற இடத்தில் கிளிப் போட்டேன். இரண்டு வழியும் வேலை செய்கிறது. முதல் தடவை செய்பவருக்கு ஃபிலிம் வழியைத்தான் சொல்வேன், அதில் காதை நம்பி இருக்க வேண்டியதில்லை. கோந்து தண்ணீரில் கரையும் வெள்ளை வகையாக இருக்கட்டும். அது நகர்த்த நேரம் கொடுக்கும், செருப்பு ஒட்டும் பசை தொட்டவுடன் பிடித்துக்கொண்டு விடாது.

அளவில் ஏமாறாதீர்கள். "10 இஞ்ச் ஃபோம்" என்று கேட்டு வாங்கினால் பாதி நேரம் உட்காராது. கோனின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள் விட்டம், வெளி விட்டம், வளைவின் அகலம், நாலையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கோனில் ஒட்டும் ஓரம் தட்டையா சாய்வா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒரே வாங்கலில் வந்த வளையமாக.

ஃபோமுக்குப் பதில் ரப்பர் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று சொல்வார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மேலூரில் இருக்கும் நண்பர் தன் 8 இஞ்ச் ஜோடியை ஒரு கடையில் கொடுத்து, அவர்கள் தடித்த ரப்பர் வளையம் ஒட்டிக் கொடுத்து, வீட்டில் போட்டால் பாஸே காணோம். கோனைத் தள்ளிப் பார்த்தேன், புது லாரி டியூப் மாதிரி எதிர்த்துத் தள்ளியது. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் யோசனையை எட்கர் வில்ச்சர் 1954-ல் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த பெட்டிகளில் கோனின் சொந்தப் பிடிமானம் ரொம்ப மெத்தென்று இருக்க வேண்டும், ஃபோம் அதற்குப் பொருந்தியது. அங்கே தடித்த ரப்பரை ஒட்டினால் கோன் தானே அதிரும் அலைவரிசை மேலே ஏறிவிடும், கீழ்ச்சத்தம் போய்விடும். பெட்டியில் காற்றுக் குழாய் வைத்த வகையிலும் குழாயின் அளவு ஊஃபரின் குணத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தது, ஊஃபரின் குணம் மாறினால் கணக்கும் தப்பும். அதனால் ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம், ரப்பர் இருந்த இடத்தில் ரப்பர். இன்னொரு 15 வருடம் கழித்து மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவாகும், ஆகட்டும். நண்பரின் ஜோடிக்கு ரப்பரைப் பிரித்து மறுபடி ஃபோம் ஒட்டினோம், தொப்பி திரும்ப வந்தது.

இத்தனையும் வீட்டு ஸ்பீக்கர் கணக்கு. மைக் செட் கணக்கு வேறு. சித்தப்பா மகன் உசிலம்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், 15 இஞ்ச் பாக்ஸ்கள், குழாய் ஸ்பீக்கர்கள், ஆடியில் முளைப்பாரி, பங்குனி சித்திரையில் திருவிழா என்று வருடம் முழுக்க வெளியில்தான். "அண்ணே, நம்ம பாக்ஸுல ஃபோமே கெடையாது, பூராம் துணி. போறதுன்னா காயிலுதான் போகும்" என்றான். சரிதான். அங்கே வயசைவிடச் சூடுதான் எமன். ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முறுக்கும்போது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அப்போது காயிலுக்குச் சூடு கூடிக்கொண்டே போகும். காயில் கருகி ஒரு வாசனை வரும், ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது.

இவர்களுக்கு ரீகோன் மிகச் சரியான தேர்வு. 15 இஞ்ச் ஊஃபரில் காசு பூராவும் காந்தத்திலும் வார்ப்புச் சட்டத்திலும் இருக்கிறது, ஓடும் மாடல்களுக்குச் செட்டும் கிடைக்கும், திறந்த வெளியில் நாலு பாக்ஸ் சேர்ந்து பாடும்போது வீட்டு அறையில் காதுக்குப் படும் நுணுக்க வித்தியாசம் அங்கே படாது. ஒன்றே ஒன்று, கருகிய காயிலை எறியாதீர்கள். காயிலின் உள் விட்டம், சுற்றிய உயரம், எத்தனை அடுக்கு, எல்லாம் அதிலிருந்துதான் அளக்க வேண்டும். புதுக் காயில் இடுக்கில் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதும் பழையது நின்ற இடத்தைப் பார்த்தால்தான் தெரியும். ரீகோன் செய்து வந்ததும் ஜோடிப் பாக்ஸோடு பேட்டரி வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒயர் மாறி ஒட்டியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

குழாய் ஸ்பீக்கரின் யூனிட் இதைவிடச் சுலபம். பின்மூடியின் திருகுகளைக் கழற்றினால், அதிரும் தகடான டயாஃப்ரமும் காயிலும் ஒரே துண்டாக வெளியே வரும், அதே மாடலுக்கான டயாஃப்ரம் வாங்கி வைத்தால் அரை மணி நேர வேலை. இடுக்கில் சேர்ந்திருக்கும் இரும்புத் துகளையும் துருவையும் ஒட்டும் டேப்பின் ஓரத்தால் துடைத்து எடுத்துவிட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் புது டயாஃப்ரமும் முதல் திருவிழாவிலேயே கரகரக்கும். அவன் மாசி மாதமே எல்லா யூனிட்டையும் திறந்து பார்த்துவிடுகிறான். சீசன் நடுவில் நின்றுபோனால் நஷ்டம் டயாஃப்ரம் விலையோடு போகாது.

புது ஊஃபரை வாங்கி அதே ஓட்டையில் மாட்டும் யோசனைக்கு வருவோம். எனக்கு இதில் நம்பிக்கை ரொம்பக் குறைவு. ஓட்டை பொருந்தும், திருகும் பொருந்தும், மற்றது பொருந்துவது அதிர்ஷ்டம். ஓம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் கேட்கும், அந்தப் பக்கம் ட்வீட்டர் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். பெட்டியின் கொள்ளளவுக்கு ஏற்ற ஊஃபரா என்பது இன்னொரு கேள்வி. அதே மாடல் பழைய ஊஃபர் ஒன்று எங்காவது கிடைத்தால் காந்தம், கோன், காயில் நன்றாக இருக்கிறதா பார்த்து வாங்கி அதற்கு ஃபோம் மாற்றுவது, புது ஊஃபரைவிட எப்போதும் நல்லது. எதுவும் கிடைக்காமல் புதுசுதான் என்று ஆனால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

ட்வீட்டரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அது மெல்ல மெல்ல மங்குவதால் காது பழகிவிடுகிறது. நடுவில் டோம் என்ற குமிழ் அதிரும் ட்வீட்டர்கள் நிறையவற்றில் காயில் இடுக்கில் ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் இருக்கும். 1963-ல் நாசாவில் ஸ்டீவ் பேப்பல், எடையில்லாத வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பதற்காக உருவாக்கிய சரக்கு, பின்னாளில் ஸ்பீக்கருக்குள் காயிலின் சூட்டைக் கடத்தவும் அதிர்வை அடக்கவும் வந்து சேர்ந்தது. 15, 20 வருடத்தில் அது காய்ந்து தார் மாதிரி ஆகிவிடும், டோம் அசைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். மீட்டரில் ஓம் சரியாகக் காட்டினால் ட்வீட்டரை மாற்றாதீர்கள். டோமைத் திருகு கழற்றித் தூக்கி, இடுக்கில் ஒற்றுத்தாள் துண்டை விட்டு விட்டு எடுத்து, கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்து, புதுத் திரவம் அளவாக விட்டால் போதும், ஆன்லைனில் சின்னக் குப்பியில் கிடைக்கிறது. துடைத்துவிட்டு வெறுமனே விடக் கூடாது, சூடு தாங்கும் சக்தி போய்விடும், குரலும் கூராகிக் காதைக் குத்தும். ஓம் காட்டாவிட்டால் மட்டும் மாற்றுங்கள், அதே மாடலின் டோம் காயிலோடு சேர்த்துக் கிடைத்தால் அது முதல் தேர்வு.

கண்டன்சர் மலிவு, பலன் பெரிசு. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பிரிப்பான் போர்டில் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் பிளஸ் மைனஸ் இல்லாத நான்-போலார் எலெக்ட்ரோலிட்டிக்தான் இருக்கும், உள்ளே இருக்கும் திரவம் நாளடைவில் காயும். எங்கள் பெட்டிகளில் 4.7 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது ஒன்றில் 5.9 காட்டியது, மற்றதில் 5.2. இரண்டு பக்கமும் இரண்டு விதம் என்பதுதான் மோசம், பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்குவது இதனால்தான். 25, 30 வருடப் பெட்டியென்றால் அளக்காமலேகூட மாற்றிவிடலாம். சாதாரண பிளஸ் மைனஸ் போட்ட எலெக்ட்ரோலிட்டிக் போடக் கூடாது. ட்வீட்டர் வரிசைக்கு ஃபிலிம் வகை போடலாம், அது காய்வதில்லை. ஆனால் அதன் உள்தடை பழையதைவிடக் குறைவு என்பதால் ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், உறுத்தினால் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் அடங்கும். ஊஃபர் வரிசையில் இருக்கும் பெரிய கண்டன்சருக்குப் புது நான்-போலாரே போதும். காயில் சுற்றிய இண்டக்டர்களைத் தொட வேண்டாம், அவற்றுக்கு வயசில்லை.

சரி, எப்போது புதுசு வாங்குவது? பெட்டி துகள்பலகையில் செய்தது, அடியில் தண்ணீர் ஏறி உப்பிவிட்டது அல்லது கரையான் அரித்துவிட்டது, உள்ளே இருக்கும் ஊஃபரின் காந்தமும் உள்ளங்கை அளவில் பாதிதான் என்றால் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரோடு வந்த பிளாஸ்டிக் 5.1 செட்டுகளையும் அப்படித்தான். பெட்டி மட்டும் போய், ஊஃபர் கனமான காந்தத்தோடு நன்றாக இருந்தால், அதே உள்ளளவில் 18 எம்எம் பிளைவுட்டில் ஆசாரியிடம் செய்து வாங்கலாம், பழைய பலகையைவிட இது நின்று பேசும். காயிலும் போய், கம்பெனிக் கோனும் கிழிந்து, அதே மாடல் உதிரியும் இல்லாமல், ட்வீட்டரும் அறுந்திருந்தால், அப்போது மச்சான் சொல்வது சரி. ஆனால் உதிர்ந்த ஃபோமை மட்டும் பார்த்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள். 10 இஞ்ச் கோன் தள்ளும் காற்றை ஒல்லியான சவுண்ட்பார் தள்ள முடியாது, அந்த பாஸ் வேண்டுமென்றால் புதுசில் கொடுக்க வேண்டிய காசுக்குப் பக்கத்தில்கூட ஃபோமுக்கும் கண்டன்சருக்கும் ஆகும் காசு வராது. மொத்தப் பழுது பார்க்கும் செலவு அதே தரத்தில் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜோடியின் விலையில் பாதியைத் தொடும் வரை நான் பழுதுதான் பார்ப்பேன். அப்பா கையால் முன்துணி மாட்டிய பெட்டிக்கு அந்தக் கணக்கையும் தாண்டிப் போவேன்.

செய்து முடித்த அன்று ஊஃபர்களை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினேன், மேலே இருந்த பக்கம் கீழே வரும்படி. 30 வருடம் ஒரே பக்கம் தொங்கிய கோனின் எடையால் ஸ்பைடர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கட்டும். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாயிற்று, ஓதச் சுவரிலிருந்து பெட்டியை ஒன்றரை அடி தள்ளி, அடியில் மரக்கட்டை கொடுத்தாயிற்று. தவில் போட்டால் தொப்பி தரையில் தெரிகிறது. இடது பக்கம் வலந்தலை மட்டும் இன்னும் ஒரு மாற்றுக் குறைவு. அந்த ட்வீட்டரை தீபாவளி விடுமுறையில் திறக்கப் போகிறேன். திரவம் உறைந்திருந்தால் வலது பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து நிரப்புவேன், காயில் அறுந்திருந்தால் இரண்டு டோமையும் தேட வேண்டியிருக்கும்.